லிங்க்விஸ்டிக்ஸ் டிகிரிக்கு கடன் வாங்கலாமா? அமெரிக்காவுல படிக்கறவங்க கணக்குப் போடற வழி

லிங்க்விஸ்டிக்ஸ், அதாவது மொழியியல், படிக்கப் போறேன்னு பிள்ளை சொன்ன உடனே வீட்டுல ரெண்டு கட்சி ஆயிடும். ஒரு கட்சி "அதப் படிச்சு என்ன வேலைக்குப் போவ"ன்னு கேக்கும், இன்னொரு கட்சி "புடிச்சதப் படிக்கட்டும் விடுங்க"ன்னு சொல்லும். ரெண்டு பேருமே பணத்த எழுதிப் பாத்திருக்க மாட்டாங்க. எழுதிப் பாக்கறது எப்படின்னுதான் இங்க சொல்றேன். அமெரிக்க காலேஜுக்கு மட்டும்தான் இது பொருந்தும், ஏன்னா கடன் விதி, சம்பளத் தகவல் எல்லாமே அங்க உள்ளது, அதுவும் 2026 ஜூலை 1லேர்ந்து விதி நிறைய மாறுது, அதனால அஞ்சு வருஷம் முன்னாடி பெரியவன் படிச்சப்போ இருந்த நெலமைய வச்சு சின்னவளுக்கு முடிவு பண்ணாதீங்க.

என் கருத்த மொதல்லயே சொல்லிடறேன். மொழியியல்ல பிஏ வாங்கறவங்கள்ல நிறைய பேருக்கு அது பாதி வழிதான், அடுத்து இன்னொரு படிப்பு வரும், அது ஸ்பீச் தெரபியோ, சட்டமோ, டீச்சர் லைசன்ஸோ, கம்ப்யூட்டர் பக்கமோ. அதனால பிஏவுக்கு வாங்கற கடன தனியா வச்சு "சமாளிச்சிடலாம்"னு சொல்றதுல அர்த்தமில்ல, அடுத்த படிப்புக்கும் இடம் விட்டுத்தான் வாங்கணும்.

முதல் படி: உங்க பிள்ளைக்கு எந்தக் கடன் கிடைக்கும்னு பாருங்க

இத ஏன் மொதல்ல வைக்கறேன்னா நம்ம ஆளுங்க பல பேரு வீட்டுல இங்கயே கதை பிரியுது. பிள்ளை அமெரிக்க சிட்டிசன் இல்ல க்ரீன் கார்டுன்னா ஃபாஃப்ஸா ஃபார்ம் போட்டு பெடரல் (மத்திய அரசு) கடன், மானியம் எல்லாம் கேக்கலாம், அப்பா அம்மா எச்-1பியில இருந்தாலும் பிள்ளை சிட்டிசன்னா போடலாம். ஆனா பிள்ளை எச்-4 விசாவுல (எச்-1பி ஆளோட குடும்பத்துக்குத் தர்றது) இருந்தா பெடரல் கடன் கிடையாது, எத்தன வருஷமா வரி கட்டியிருந்தாலும் கிடையாது. எஃப்-1ங்கற மாணவர் விசாவுல வர்றவங்களுக்கும் அப்படியே. அவங்களுக்கு மிச்சம் இருக்கறது காலேஜ் தர்ற ஸ்காலர்ஷிப், சொந்தக் காசு, பிரைவேட் லோன் இது மூணும்தான். எச்-4 பிள்ளைக்கு இன்-ஸ்டேட் ஃபீஸ் (அந்த மாநிலத்துக்காரங்களுக்கு உள்ள குறைஞ்ச ஃபீஸ்) தருவாங்களான்னு அந்தந்த மாநில விதிய கேட்டுப் பாருங்க, டெக்சாஸ் மாதிரி தர்ற மாநிலங்களும் இருக்கு, அது ஒண்ணே செலவ பெரிய அளவுல குறைச்சிடும்.

பெடரல் கடன் கிடைக்கறவங்களுக்கு வருஷ வரம்பு இருக்கு. பெத்தவங்க ஆதரவுல இருக்கற மாணவருக்கு முதல் வருஷம் 5,500 டாலர், ரெண்டாவது 6,500, மூணாவதும் நாலாவதும் 7,500, ஆக நாலு வருஷத்துல முடிச்சா 27,000. அஞ்சாவது வருஷம் இழுத்தாலும் மொத்தம் 31,000க்கு மேல போகாது, அதுல 23,000 வரைக்கும்தான் சப்சிடைஸ்டு. சப்சிடைஸ்டுன்னா படிக்கற காலத்துல வட்டி அரசாங்கம் பாத்துக்கும், அன்சப்சிடைஸ்டுன்னா பணம் கைக்கு வந்த நாள்லேர்ந்தே வட்டி ஏறும். 2025-26 கல்வியாண்டுல எடுத்த பிஏ கடனுக்கு வட்டி 6.39 சதவீதம், அந்தக் கடனுக்கு கடைசி வரைக்கும் அதே வட்டிதான், ஆனா அடுத்த வருஷம் எடுக்கற புதுக் கடனுக்கு வேற வட்டி வரும். இதுபோக 1.057 சதவீதம் ஃபீஸ் முன்னாடியே பிடிச்சுக்குவாங்க, 5,500 எடுத்தா 58 டாலர் கொறைஞ்சுதான் வரும்.

இந்த 27,000ங்கற எண்ண மனசுல வச்சுக்கோங்க. மாணவர் பேர்ல வர்ற பெடரல் கடன் நாலு வருஷத்துல பொதுவா இதத் தாண்டாதுங்கறதால, யாராவது "பிள்ளைக்கு லிங்க்விஸ்டிக்ஸ்ல 80,000 கடன்"னு சொன்னா மிச்சம் பெத்தவங்க பேர்லயோ பிரைவேட் பேங்க்லயோ இருக்குன்னு அர்த்தம். அதுதான் ஆபத்தான பகுதி. பிரைவேட் லோனுக்கு வருமானத்த வச்சு கட்டற திட்டமும் இல்ல, பொதுச் சேவைத் தள்ளுபடியும் இல்ல (ரெண்டும் அஞ்சாவது படியில வரும்), கூட கையெழுத்து போட்ட அப்பாவோட கிரெடிட்டும் அதுல மாட்டிக்கும்.

ரெண்டாவது படி: காலேஜ் ஸ்கோர்கார்டுல வர்ற எண்ண சரியாப் படிக்கறது

அமெரிக்க கல்வித் துறையோட காலேஜ் ஸ்கோர்கார்டு தளம் 2015லேர்ந்து இருக்கு. காலேஜ் பேரப் போட்டா அந்தப் படிப்பு முடிச்சவங்க சம்பளம், கடன் ரெண்டும் காட்டும். எல்லாரும் அந்த ரெண்டு எண்ண ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபேமிலி வாட்ஸாப் குரூப்புல போட்டு சண்டை போடுவாங்க. மொழியியலப் பொறுத்தவரைக்கும் அந்த எண்ணுல நாலஞ்சு பிரச்சனை இருக்கு, இங்க கொஞ்சம் நின்னு பாப்போம்.

மொதல் பிரச்சனை, அது மொழியியல் எண்ணே இல்ல. அமெரிக்காவுல ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு சிஐபி கோடு உண்டு, மொழியியலுக்கு 16.0102. ஆனா ஸ்கோர்கார்டு ஆறு இலக்கத்துல காட்டாது, நாலு இலக்கத்துலதான் காட்டும், அதாவது 16.01. தளத்துல பேரும் "லிங்க்விஸ்டிக், கம்பேரட்டிவ், அண்ட் ரிலேட்டட் லாங்குவேஜ் ஸ்டடீஸ் அண்ட் சர்வீசஸ்"னு நீளமா வரும். அந்த ஒரே கூடையில வெளிநாட்டு மொழி இலக்கியம் 16.0101, மொழிபெயர்ப்பு 16.0103, ஒப்பிலக்கியம் 16.0104, அப்ளைடு லிங்க்விஸ்டிக்ஸ் 16.0105 எல்லாம் சேந்து கெடக்கும். ஒரு பல்கலையில மொழியியல் முடிச்சவங்க பத்து பேரு, ஒப்பிலக்கியம் முடிச்சவங்க முப்பது பேருன்னா நீங்க பாக்கற சம்பளம் பெரும்பாலும் ஒப்பிலக்கியக்காரங்களோடது.

இதுக்கு ஒரு வழி இருக்கு, பல பேருக்குத் தெரியாது. காலேஜ் நேவிகேட்டர்னு அரசாங்கத்தோட இன்னொரு தளம், அதுல காலேஜத் தேடி எடுத்து படிப்புகள் பகுதிக்குப் போனா ஒவ்வொரு படிப்புலயும் எத்தன பேரு டிகிரி வாங்கினாங்கன்னு தனித்தனியா இருக்கும். அங்க போய் மொழியியல்ல எத்தன, ஒப்பிலக்கியத்துல எத்தன, மொழிபெயர்ப்புல எத்தனன்னு எண்ணிப் பாருங்க. மொழியியல்தான் பெரும்பான்மைன்னா ஸ்கோர்கார்டு எண்ண ஓரளவு நம்பலாம். இல்லன்னா அத ஓரமா வைங்க.

அடுத்தது, யாரோட சம்பளம்ங்கற கேள்வி. பெடரல் உதவி வாங்கின மாணவர்கள மட்டும்தான் அவங்க எடுத்துக்கறாங்க. உதவியே வாங்காத வசதியான வீட்டுப் பிள்ளைங்களும் இல்ல, வெளிநாட்டு மாணவர்களும் இல்ல. அதவிட முக்கியம், சம்பளம் அளக்கற நேரத்துல வேலையில இருந்து, படிச்சுக்கிட்டு இல்லாதவங்க மட்டும்தான் கணக்குல வருவாங்க. மொழியியல் முடிச்சு நேரா மாஸ்டர்ஸ், பிஎச்டி, லா ஸ்கூல்னு போனவங்க அந்த வருஷக் கணக்குல இருக்க மாட்டாங்க. அதனால முதல் வருஷ எண்ணப் பாத்து "இவ்வளவுதானா"ன்னு பயப்படவும் வேணாம், படிச்சு முடிச்சு நாலஞ்சு வருஷம் கழிச்ச எண்ணப் பாத்து "பரவால்லயே"ன்னு சந்தோஷப்படவும் வேணாம், ரெண்டும் வேற வேற ஆளுங்க.

கடன் எண்ணும் இப்படித்தான். அங்க காட்டற மீடியன் கடன், அதாவது நடு எண்ணு, கடன் வாங்கினவங்களுக்குள்ள மட்டும் எடுத்தது. பெத்தவங்க எடுத்த பேரன்ட் ப்ளஸ் கடன் அதுல சேராது, தனியா தேடினா காட்டும், பிரைவேட் லோன் எங்கயுமே காட்டாது. அதனாலதான் எந்தப் பெரிய பேர் காலேஜப் பாத்தாலும் கடன் இருபது சொச்சம் ஆயிரம்னு அழகா நிக்கும். மேல சொன்ன 27,000 வரம்பு ஞாபகம் இருக்கில்ல, அதான் காரணம்.

சின்ன டிபார்ட்மென்டுன்னா எண்ணே வராது, தனியுரிமைக்காக மறைச்சிடுவாங்க. அப்போ எதையும் ஊகிக்காதீங்க, நாலாவது படிக்குப் போயிடுங்க. சென்சஸ் தகவல்லயும் இதே கூடைப் பிரச்சனை உண்டு, மொழியியலையும் ஒப்பிலக்கியத்தையும் அங்கயும் ஒண்ணாத்தான் கட்டி வச்சிருக்காங்க, கூடவே அதுல மேல படிச்சவங்க சம்பளமும் கலந்து வரும், மொழியியல்ல பிஏ வாங்கிட்டு அப்புறம் வக்கீல் ஆனவரும் அதே கூட்டத்துல நிப்பாரு.

மூணாவது படி: காலேஜோட உண்மையான செலவு

இது சீக்கிரம் முடிஞ்சிடும். வெப்சைட்ல போட்டிருக்கற ஃபீஸப் பாத்து முடிவு பண்ணாதீங்க. பெடரல் உதவி வாங்கற ஒவ்வொரு காலேஜும் 2011லேர்ந்து நெட் பிரைஸ் கால்குலேட்டர் வச்சே ஆகணும், வருமானம், சேமிப்பு விவரம் போட்டா மானியம் போக என்ன கட்டணும்னு தோராயமா சொல்லும். அட்மிஷன் கிடைச்சப்புறம் வர்ற உதவிக் கடிதத்துல மானியம், வேலை, கடன் மூணையும் ஒண்ணாக் கூட்டி "உங்களுக்கு இவ்வளவு உதவி"ன்னு பெரிய எழுத்துல போடுவாங்க. பென்சில் எடுத்து கடன்னு இருக்கறத எல்லாம் அடிச்சிடுங்க, வொர்க்-ஸ்டடின்னு இருக்கறதையும் அடிங்க, அது பிள்ளை வேலை பாத்தாதான் வரும். மிஞ்சறதுதான் உதவி.

மொத்தச் செலவுல அந்த உதவியக் கழிச்சு, வர்றத நாலால பெருக்குங்க. ஸ்காலர்ஷிப் நாலு வருஷமும் தொடருமா, மார்க் எவ்வளவு வச்சிருக்கணும்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. மொதல் ரெண்டு வருஷம் கம்யூனிட்டி காலேஜ்ல படிச்சு மாறலாம்னு யோசிச்சா, ஒண்ணு கவனிங்க, அங்க மொழியியல் கோர்ஸ் பெரும்பாலும் ஒண்ணோ ரெண்டோதான் இருக்கும், சின்டாக்ஸ், ஃபோனாலஜி எல்லாம் மாறினப்புறம் வரிசையா எடுக்கணும், ஒண்ணு முடிச்சாத்தான் அடுத்ததுன்னு இருக்கும், அதனால ரெண்டு வருஷத்துல முடியுமான்னு மாறப் போற காலேஜுல முன்னாடியே திட்டம் போட்டு வாங்குங்க. அப்படி முடியும்னா காசுக்கு இதவிட நல்ல வழி கிடையாது.

நாலாவது படி: எந்த வேலைக்குப் போற வழின்னு எழுதுங்க

மொழியியல் படிச்சவர்னு ஒரு வேலை விளம்பரமும் அவ்வளவா வராது. அதனால டிகிரியோட சம்பளத்தத் தேடறத விட்டுட்டு, வேலையோட சம்பளத்தத் தேடுங்க. அமெரிக்க தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் ஒவ்வொரு வேலைக்கும் மீடியன் சம்பளம் வெளியிடுது. 2023 மே கணக்குப்படி மொழிபெயர்ப்பாளர், இன்டர்ப்ரெட்டருக்கு 57,090 டாலர், டெக்னிக்கல் ரைட்டருக்கு 80,050, ஸ்பீச் லாங்குவேஜ் பேத்தாலஜிஸ்டுக்கு (ஸ்பீச் தெரபிஸ்ட்) 89,290, டேட்டா சயின்டிஸ்டுக்கு 108,020. இதெல்லாம் எல்லா வயசுக்காரங்களும் சேந்த நடு எண்ணு, இருபத்திரண்டு வயசுல சேர்றவங்களுக்கு இது கிடைக்கும்னு நெனச்சிடாதீங்க, அதே புள்ளிவிவரத்துல கீழ்மட்டப் பத்து சதவீதத்தோட சம்பளமும் இருக்கும், ஆரம்பத்துக்கு அதையும் நடு எண்ணையும் நடுவுல ஒரு இடத்துல வச்சுக்கோங்க.

இப்போ ஒவ்வொரு வழிக்கும் பிஏக்கு அப்புறம் என்ன வேணும்னு பக்கத்துல எழுதுங்க, இதுதான் விஷயம். ஸ்பீச் பேத்தாலஜிக்கு மாஸ்டர்ஸ் கட்டாயம், மாநில லைசன்ஸ் வேணும், அப்புறம் மேற்பார்வையில ஒரு கிளினிக்கல் ஃபெலோஷிப். மொழியியல் பிஏ வச்சிருக்கறவங்களுக்கு உடற்கூறியல், கேட்டல் சம்பந்தமான முன்தேவைக் கோர்ஸ் சில பாக்கி இருக்கும், பிஏ படிக்கறப்பவே எலெக்டிவ்ல முடிச்சா காசு மிச்சம், அப்புறமா தனியா படிச்சா அதுக்கும் ஒரு வருஷம், அதுக்கும் ஃபீஸ்.

கம்ப்யூட்டர் பக்கம்னா பிஏவோட கூட புரோகிராமிங், புள்ளியியல், இயந்திரக் கற்றல் கோர்ஸ் வேணும், சும்மா ஒரு பைத்தான் கிளாஸ் எடுத்தா போதாது. இங்க என் சொந்த அபிப்பிராயம் ஒண்ணு, மொழி மாடல் வேலை எல்லாம் மொழியியல்காரங்களுக்குக் கதவத் திறந்துடும்னு காலேஜ் புரோஷர்ல போடறத அப்படியே நம்பாதீங்க, எடுக்கறவங்க கோட் எழுதத் தெரிஞ்சவங்களத்தான் மொதல்ல எடுப்பாங்க, மொழியியல் தெரிஞ்சிருந்தா அது கூடுதல் பலம். அதனால டபுள் மேஜர் முடியுமான்னு பாருங்க, இல்ல மொழியியலும் கம்ப்யூட்டர் சயின்சும் சேந்த ஒரே டிகிரி தர்ற காலேஜப் பாருங்க, அதுக்கு தனி கோடு 30.4801.

எஃப்-1 மாணவங்களுக்கு இந்தக் கோடு வாழ்க்கைப் பிரச்சனை. படிச்சு முடிச்சப்புறம் ஓபிடிங்கற வேலை அனுமதியில 12 மாசம் வேலை பாக்கலாம், படிப்பு அரசாங்கத்தோட ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், இன்ஜினியரிங், கணக்கு) லிஸ்ட்ல இருந்தா இன்னும் 24 மாசம் கிடைக்கும். 30.4801 அந்த லிஸ்ட்ல 2023ல சேந்தது. சாதா மொழியியல் 16.0102 அதுல இல்ல. கோடு, விசாவுக்காக காலேஜ் தர்ற ஐ-20 ஃபார்ம்லயே அச்சாகி இருக்கும், பணம் கட்டறதுக்கு முன்னாடி அதப் பாருங்க, கோர்ஸ் பேரு "கம்ப்யூட்டேஷனல்"னு இருக்கறதால மட்டும் ஸ்டெம் ஆயிடாது. பன்னெண்டு மாசத்துல திருப்பிக் கட்ட முடியாத கடன முப்பத்தாறு மாசத்துல கட்ட முடியலாம், அவ்வளவு வித்தியாசம் இது.

பிஎச்டி பத்தி ஒரு வரி. அமெரிக்காவுல நல்ல மொழியியல் பிஎச்டி எல்லாம் ஃபீஸ் தள்ளுபடியும் ஸ்டைபெண்டும் (செலவுக்குப் பணம்) குடுத்துதான் எடுப்பாங்க, பதிலுக்கு வகுப்பு எடுக்கணும், ஆராய்ச்சியில உதவணும். காசு குடுக்காம "வாங்க, சேந்துக்கோங்க"ன்னு சொல்ற பிஎச்டிக்கு கடன் வாங்கிப் போகாதீங்க. மாஸ்டர்ஸ் மட்டும் தனியான்னா பெரும்பாலும் சொந்தச் செலவுதான்.

அஞ்சாவது படி: மாசக் கட்டுக்கு மாத்துங்க

27,000ன்னு கேட்டா யாருக்கும் ஒண்ணும் தோணாது, மாசம் எவ்வளவுன்னு கேட்டாதான் உறைக்கும். மனக்கணக்குக்கு ஒரு வழி, சுமார் 6.4 சதவீத வட்டியில பத்து வருஷத்துல அடைக்கணும்னா ஒவ்வொரு 10,000 டாலருக்கும் மாசம் 113 டாலர். அப்போ 27,000க்கு மாசம் 305, மொத்தமா கட்டறது 36,600.

உதாரணத்துக்கு பிஏ முடிச்சு 42,000 டாலர் சம்பளத்துல ஒரு வேலைன்னு வைங்க. மாசம் 3,500. பெடரல் வரி, சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் போனா கிட்டத்தட்ட 2,990, மாநில வரியும் இன்சூரன்சும் பிடிச்சா 2,750 பக்கம் கையில. அதுல 305 கடனுக்குன்னா ஒன்பதுல ஒரு பங்கு. வாடகை எவ்வளவுன்னு ஊரப் பொறுத்து நீங்களே போட்டுப் பாருங்க. கஷ்டம்தான், ஆனா ஆகும். இதே ஆளு பிரைவேட் லோன்ல இன்னொரு 30,000 வாங்கியிருந்தா ஆகாது, ஏன்னா அதுக்கு மாசம் 340க்குக் கொறையாம வரும், வட்டி அதிகம்னா இன்னும் மேல.

இங்கதான் 2026 ஜூலை மாற்றம் வருது. அந்தத் தேதிக்கப்புறம் புதுசா கடன் எடுக்கறவங்களுக்கு ரெண்டே வழி. ஒண்ணு நிலையான தவணை, ஆனா பத்து வருஷம்னு இல்ல, 25,000க்குள்ளன்னா 10 வருஷம், 50,000க்குள்ளன்னா 15, ஒரு லட்சத்துக்குள்ளன்னா 20, அதுக்கும் மேலன்னா 25. நம்ம 27,000 பதினஞ்சு வருஷத்துல விழும், மாசம் 234தான், ஆனா மொத்தம் 42,000 கட்டியிருப்பீங்க. 25,000க்குள்ள நிறுத்திட்டா பத்து வருஷத்துலயே தானா முடிஞ்சிடும். கூடுதலா கட்டினா தண்டம் கிடையாது, அதனால முடிஞ்சப்போ கூட்டிக் கட்டலாம்.

ரெண்டாவது வழி ஆர்ஏபி (RAP), வருமானத்த வச்சு கட்டற திட்டம். வரிக் கணக்குல காட்டற வருமானம் 40,000லேர்ந்து 50,000க்குள்ளன்னா வருஷத்துக்கு 4 சதவீதம், சம்பளம் ஏற ஏற சதவீதமும் ஏறும், ஒரு லட்சத்துக்கு மேல 10 சதவீதம் வரைக்கும். 42,000க்கு மாசம் 140 வருது. நம்ம 27,000க்கு மாச வட்டியே 144, அப்போ வட்டிகூட அடையலன்னு பயப்படுவீங்க, ஆனா மிச்ச வட்டிய தள்ளுபடி பண்ணிடுவாங்க, அசல்லயும் மாசம் 50 டாலர் வரைக்கும் அரசாங்கம் குறைச்சுக் குடுக்கும். சம்பளம் ஏறவே இல்லன்னா ஆரம்ப வருஷங்கள்ல வருஷம் 600 டாலர்தான் அசல் குறையும், முப்பது வருஷம் கட்டினப்புறம்தான் மிச்சம் தள்ளுபடி. சம்பளம் கம்மியா இருக்கற ஆரம்ப வருஷத்துல மூச்சு விட இது உதவும், முப்பது வருஷத் திட்டமா யாரும் வச்சுக்காதீங்க.

அரசு ஸ்கூல், பொதுப் பல்கலை, லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரி மாதிரி இடத்துல முழுநேர வேலைன்னா கதை வேற. பொதுச் சேவைத் தள்ளுபடின்னு 2007லேர்ந்து ஒரு திட்டம், தகுதியான 120 மாசக் கட்டு முடிஞ்சா மிச்ச பெடரல் கடன் போயிடும். ஸ்கூல்ல வேலை பாக்கற ஸ்பீச் பேத்தாலஜிஸ்டும், இங்கிலிஷ் ரெண்டாம் மொழி டீச்சரும் இதுல வருவாங்க. வேலையில சேந்த முதல் வருஷத்துலேர்ந்தே வேலை கொடுத்தவங்க கிட்ட சான்று ஃபார்ம் வாங்கிப் போட்டு வைங்க.

ஆறாவது படி: அடுத்த படிப்பச் சேத்துக் கூட்டுங்க

2026 ஜூலைலேர்ந்து புதுசா சேர்றவங்களுக்கு, மேல்படிப்புக்குன்னு இருந்த க்ராட் ப்ளஸ்ங்கற பெடரல் கடன் கிடையாது. மேல்படிப்புக்கு பெடரல் கடன் வருஷம் 20,500, மொத்தம் ஒரு லட்சம்னு வரம்பு. சட்டம், மருத்துவம் மாதிரிப் படிப்புகளுக்கு மட்டும் வருஷம் 50,000, மொத்தம் ரெண்டு லட்சம். மேல்படிப்புக் கடன் முழுக்க அன்சப்சிடைஸ்டு, வட்டியும் கூட, 2025-26ல 7.94 சதவீதம்.

ரெண்டு வருஷ மாஸ்டர்ஸுக்கு 41,000 எடுத்தா பத்து வருஷக் கணக்குல மாசம் 496. பிஏ கடன் 305ஐயும் சேத்தா 800. ஸ்பீச் பேத்தாலஜி முடிச்சு லைசன்ஸோட 70,000, 80,000 சம்பளத்துல சேர்றவங்க இந்த 800ஐ தூக்கிடுவாங்க. இதே 41,000ஐ ஸ்டைபெண்ட் இல்லாத பொது மொழியியல் மாஸ்டர்ஸ்ல போட்டு, வெளிய வந்து பிஏக்குக் கிடைச்ச அதே 42,000, 45,000 வேலையிலயே உக்காந்தா அந்த 800 கழுத்த நெரிக்கும். கடன் ஒண்ணுதான், ஒரு பக்கம் லைசன்ஸ் இருக்கு, இன்னொரு பக்கம் இல்ல. மொத்தக் கடன் கடைசிப் படிப்போட முதல் வருஷச் சம்பளத்தத் தாண்டக் கூடாதுன்னு பொதுவா ஒரு விதி சொல்லுவாங்க, மொழியியலுக்கு நான் இன்னும் இறுக்கிச் சொல்வேன், பிஏவோட நிக்கறதா இருந்தா அதுல பாதி, அதாவது 20,000 பக்கம்.

பேரன்ட் ப்ளஸ் பத்தி: இதுக்கும் இப்போ வரம்பு வந்துடுச்சு, ஒரு பிள்ளைக்கு வருஷம் 20,000, மொத்தம் 65,000. வட்டி 2025-26ல 8.94 சதவீதம். இந்தக் கடன் சட்டப்படி பெத்தவங்களோடது, பிள்ளைக்கு மாத்த முடியாது, "அவ வேலைக்குப் போய்க் கட்டிடுவா"ங்கறது வீட்டுக்குள்ள பேசிக்கற பேச்சுதான். ரிட்டயர்மென்ட் கணக்க நிறுத்திட்டு இத எடுக்கறதா இருந்தா காலேஜ மாத்துங்கன்னுதான் சொல்வேன்.

இன்னொரு புது விதியும் இருக்கு. ஒரு படிப்பு முடிச்சவங்களோட மீடியன் சம்பளம், அந்த மாநிலத்துல வெறும் ஹைஸ்கூல் முடிச்சு வேலை பாக்கற 25லேர்ந்து 34 வயசுக்காரங்க சம்பளத்துக்குக் கீழ மூணு வருஷத்துல ரெண்டு வருஷம் போயிட்டா, அந்தப் படிப்புக்கு பெடரல் கடன் நிறுத்திடுவாங்க. சேர்ற காலேஜுல அந்தப் படிப்பு எந்த நெலமையில இருக்குன்னு அட்மிஷன் ஆபீஸ்ல கேட்டுடுங்க, கேக்கறதுக்குக் கூச்சப்படாதீங்க.

ஏழாவது படி: டிபார்ட்மென்ட்ல கேக்க வேண்டியது

கேம்பஸ் டூர்ல கேட்டா நல்ல பதில்தான் வரும், அண்டர்கிராட் அட்வைசருக்கு ஈமெயில் போடுங்க. போன மூணு வருஷத்துல முடிச்சவங்க இப்போ எங்க இருக்காங்க, எத்தன பேரு மேல படிக்கப் போனாங்க, அதுல எத்தன பேருக்கு ஸ்டைபெண்ட் கிடைச்சது, சம்பளத்தோட லேப் வேலை இளநிலை மாணவங்களுக்கு உண்டா, கம்ப்யூட்டர் சயின்ஸ் கோர்ஸ்ல மத்த டிபார்ட்மென்ட் பிள்ளைங்களுக்கு இடம் கிடைக்குமா. கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம், பல பெரிய பல்கலையில கம்ப்யூட்டர் கோர்ஸ் அதோட மேஜர் பிள்ளைங்களுக்கே பத்தல, "டபுள் மேஜர் பண்ணிக்கறேன்"னு நெனச்சு சேந்தவங்க வெளியவே நிக்கறாங்க. பதில் மழுப்பலா வந்தா அதுவும் ஒரு தகவல்தான்.

கடைசியா, இது ஒரு தடவ பண்ற வேலையில்ல

கடன் வருஷா வருஷம்தான் எடுக்கறோம், காலேஜ் காட்டற முழுத் தொகையையும் எடுக்கணும்னு இல்ல, கொறைச்சு எடுக்கறேன்னு சொன்னா ஒத்துக்குவாங்க. ஃபாஃப்ஸா அடுத்த கல்வியாண்டுக்கு பொதுவா அக்டோபர் 1 திறக்கும், அத போடற அன்னைக்கே ஸ்டூடன்ட்எய்ட் டாட் கவ் தளத்துல பிள்ளையோட கணக்கத் திறந்து இதுவரைக்கும் ஏறின அசல், வட்டி ரெண்டையும் பிள்ளையே படிச்சுச் சொல்லட்டும். ரெண்டாவது வருஷம் முடியறப்போ நாலாவது படியில எழுதின காகிதத்த எடுங்க, அந்த வழிக்கு வேண்டிய முன்தேவைக் கோர்ஸ் எத்தன முடிஞ்சிருக்குன்னு டிக் பண்ணுங்க. ஒண்ணுமே முடியலன்னா மூணாவது வருஷக் கடன் எடுக்கறதுக்கு முன்னாடி அட்வைசரோட உக்காந்து பேசணும், ஏன்னா 7,500 வரம்பு அந்த வருஷத்துலேர்ந்துதான் ஆரம்பிக்குது.